ஆனி கடைசி நாள் எடுத்த வண்டி

தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது பதிவு செய்த குரல். என் வீட்டுக்காரர் அழுத்தினார். புது வண்டி வாங்க ஒன்று, சர்வீஸுக்கு இரண்டு, புகாருக்கு மூன்று. மூன்றை அழுத்தினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போய்விட்டது, அதற்குப் பதிலாக வீணை ஒலிக்க ஆரம்பித்தது. ஏரிக்குள் கணுக்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டு, ஸ்பீக்கரில் போட்ட செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்தபடி, குமரேசன் என்கிற என் வீட்டுக்காரர் வீணையிடம் "அல்லோ, அல்லோ" என்று கத்திக்கொண்டிருந்தார். மூன்றரை மாதமாகக் கேட்டுக் கேட்டு அந்த வீணை எனக்கு மனப்பாடம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓர் இடத்தில் விக்கும், அப்புறம் முதலிலிருந்து தொடங்கும்.

பத்தடி தள்ளி எங்கள் வண்டி நின்றது. கறுப்பு நிறம், உயரமான ஜீப். பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் சேற்றில் போயிருந்தன, முன்பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஆறு மூட்டை யூரியா. ஐப்பசி பாதி ஆகிவிட்டது, இரண்டு நாளாக மேற்கே நல்ல மழை, கால்வாய்த் தண்ணீர் ஏரியில் இறங்கிக்கொண்டே இருந்தது. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்தேன். எட்டரைக்கெல்லாம் தண்ணீர் குச்சியைத் தாண்டி நாலடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. வண்டி வரைக்கும் இன்னும் இருபதடி இருக்கலாம். பொழுது சாய்வதற்குள் இன்ஜினுக்குள் ஏரி புகுந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

ஏரிக்குள் யாராவது வண்டி ஓட்டுவார்களா என்று கேட்டால், நாங்கள் ஓட்டுவோம். எங்கள் நிலம் ஏரியின் மேல்பக்கம், தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு ஓரமாக இருக்கிறது. சாலவாக்கம் ரோட்டிலிருந்து அங்கே போக ஒரு வண்டிப்பாதை உண்டு, அது என் வீட்டுக்காரரின் அண்ணன் வீரபத்திரன் மாமா நிலத்தின் வழியாகப் போகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் நெல் அறுக்கப் போன அறுவடை மிஷின் மாமாவின் வரப்பை உடைத்துவிட்டது. உடைந்த வரப்பைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்த கேட்டுக்கினு போயிருந்தா நானே நின்னு பாத்துக்கினு இருப்பேனே" என்றார். அதற்கு இவர், "எங்கப்பன் போன வயில போறதுக்கு உன்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றார். மறுநாள் காலையில் பாதையில் இரண்டு கல்தூணும் நடுவே முள்ளும் நின்றன. அன்றிலிருந்து உரமூட்டையை ஏரி வழியாகத் தலையில் சுமந்தோம். கேட்டால் திறந்துவிடுவார், ஊருக்கே தெரியும். இவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராது, அதுவும் ஊருக்கே தெரியும்.

அதற்காகத்தான் இந்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சேற்றில் ஏறிவிடும் என்று எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு, அண்ணனிடம் கேட்காமல் நிலத்துக்குப் போக ஒரு ஜீப் வாங்கிய ஒரே விவசாயி இந்தத் தாலுகாவில் இவராகத்தான் இருப்பார். ராஜகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷோரூம். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன கியர் இருந்தது. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று காட்டினான் அங்கே வேலை பார்த்த தினேஷ்குமார். நல்ல பையன், என்னை மேடம் என்று கூப்பிட்டாலும் தண்ணீர் கொடுக்கும்போது அம்மா என்பான். நிலப் பட்டா என் பெயரில் இருப்பதால் வண்டியும் ஜெயமணி என்று என் பெயரிலேயே பதிவானது.

வண்டி எடுக்கப் போனது ஆனி மாதத்துக் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு ஆடியில், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, இவர் மோட்டார் சைக்கிள் எடுத்தார். ஒன்பதாம் நாள் கூரம் திருப்பத்தில் விழுந்து கால் முறிந்து, இன்றைக்கும் காலில் தகடு இருக்கிறது. இந்த முறை இவர் வெளியே நின்று, பூசணிக்காய் சின்னதாக இருக்கிறது என்று வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தினேஷ்குமார் குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க புக் பண்ண ஃபோர் வீல் மாடல் இன்னும் வரல. ஆவணி கடைசியிலதான் வரும். இப்ப யார்டுல நிக்கிறது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல். பாக்க ரெண்டும் ஒண்ணா இருக்கும், ஆனா வேற. சாரையும் கேட்டுக்கறீங்களா?" என்றான்.

இவரைக் கேட்டால் ஆவணி வரைக்கும் காத்திருக்க மாட்டார். ஆடியிலேயே வேறு எங்காவது போய் எடுத்துக்கொண்டு வந்து நிறுத்துவார். எனக்கு அந்தத் தகடு ஞாபகம் வந்தது. நாலு சக்கரமோ ரெண்டு சக்கரமோ, சக்கரம் சுற்றினால் வண்டி போகத்தானே போகிறது என்று நினைத்தேன். "பரவால்லபா, இதையே குடுத்துடு" என்றேன். அவன் ஒரு தாளை நீட்டினான், அதிலும் கையெழுத்துப் போட்டேன். பெரிய பூசணிக்காய் உடைத்து, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ராகு காலத்துக்கு முன்னால் வண்டி வெளியே வந்துவிட்டது. சின்ன கியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நான் அதில் பிள்ளையாரை உட்காரவைத்தேன்.

மூன்றாம் நாள் இவர் பிள்ளையாரைத் தூக்கிப் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் இவர் "ஏமாத்திட்டான்டி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டார். ஷோரூமுக்குப் போனோம். தினேஷ்குமார், "மேடம்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் குடுத்தேன்" என்றான். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்தக் காலண்டரில் அன்றைக்கு ஆடி மூன்று என்று போட்டிருந்தது. பையன் முகம் சிவந்துபோயிற்று. ஃபைலைப் புரட்டினான், நான் கையெழுத்துப் போட்ட தாள் அன்றைக்குக் கிடைக்கவில்லை. என்னை நேராகப் பார்க்காமல் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தான். அந்த முகம் எனக்குச் சோற்றுத் தட்டில்கூடத் தெரிந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. வண்டியை மாற்றித் தர முடியாது, சின்ன கியரைத் தனியாக வைத்துத் தரவும் முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. காஞ்சிபுரத்தில் வண்டிகளுக்கு அலங்காரம் செய்கிற கடை வைத்திருக்கும் பிரபா, "டயர மாத்துண்ணா, யானை கணக்கா போவும் பாரு" என்றான். மாற்றினோம். அப்படியே முன்னால் ஆளுயரத்துக்கு இரும்பு பம்பர் ஒன்றும் மாட்டிவிட்டான். அடுத்த வாரமே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு முனையில் பிரேக் இன்ஸ்பெக்டர் மடக்கினார். "கம்பெனி குடுத்தது எப்டியோ அப்டியே வெச்சி ஓட்டணும். இந்த பம்பர் மேல ஒருத்தன் மோதுனா பொழைக்க மாட்டான், உங்க ஏர்பேக்கும் ஒழுங்கா வேலை செய்யாது. கழட்டிடுங்க" என்று அபராதம் போட்டார். சர்வீஸ் சென்டரில், டயர் மாற்றியதால் வாரன்டி பாதி போச்சு என்றார்கள். இவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து தினேஷ்குமாரைத் திட்டினார், பம்பரைக் கழற்றவில்லை. அந்த பம்பர்தான் இப்போது முன்னால் கட்டி இழுக்கிற கொக்கியை மூடிக்கொண்டு நிற்கிறது.

வீணை நின்றது.

"வணக்கம் சார், ஜெனிஃபர் பேசறேன். எந்த வகையில உதவி செய்யணும்?"

"வண்டி மாட்டிக்கினு கீதுமா. தண்ணி ஏறிக்கினு கீது. உடனே ஆள் அனுப்பு."

"கண்டிப்பா சார். வாகனம் எந்த ரோட்ல இருக்கு?"

"ரோட்ல இல்லமா. ஏரில கீது."

"சார், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ரோட்ல நிக்கிற வாகனத்துக்குத்தான் சார். பக்கத்துல இருக்கிற ரோடு வரைக்கும் நீங்களே கொண்டு வந்துட்டீங்கன்னா..."

"அது வரைக்கும் வந்தா நான் இன்னாத்துக்கு உனக்கு போன் பண்றேன்?" இவர் போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "எல்லாம் உங்களாலதான். நாலு சக்கரத்துக்குப் புக் பண்ணா ரெண்டு சக்கரத்தத் தலையில கட்டிட்டீங்க. கோர்ட்டுக்குப் போறேன்னு பேப்பர் கேட்டேனே, எங்க அது?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்." வீணை வரவில்லை, விசைப்பலகை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. போனைப் பிடுங்கி ஏரியில் போட்டுவிடலாமா என்று நான் நிஜமாகவே நினைத்தேன். "நீங்க கேட்ட பேப்பர ஷோரூம்ல இருந்து நேத்துதான் ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க சார். மாடல் மாறியிருக்கறத விளக்கமா சொன்னாங்க, இந்த மாடலே போதும், சம்மதம்னு கஸ்டமர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஜெயமணின்னு தமிழ்ல இருக்கு. அந்த சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தினேஷ்குமார் இப்ப ஷோரூம்ல இல்ல சார். உங்க புகாருக்கு அப்புறம் அவர குடோனுக்கு மாத்திட்டாங்க. வேற ஏதாவது உதவி தேவையா சார்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை அணைக்கவில்லை. ஜெனிஃபர் இரண்டு முறை சார் சார் என்று கூப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"சொன்னான்" என்றேன். "என்கிட்ட சொன்னான். நான்தான் சரின்னேன். விடிஞ்சா ஆடின்னு பயந்துட்டேங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "மூணு மாசமா அந்தப் பையன வாய்க்கு வந்தபடி பேசிக்கினு கீறேன்" என்றார் மெதுவாக. "நீ பக்கத்துல நின்னு எனக்கு மோர் கலக்கிக் குடுத்துக்கினு கீற." அப்புறம் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்துபோய் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற மனிதரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. மேட்டில், கல்தூணுக்கு அந்தப் பக்கம், வீரபத்திரன் மாமா தன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. எங்களைப் பார்க்காமல் கால்வாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிராக்டரின் பின்னால் சங்கிலி தொங்கியது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடேறினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

"இன்னா ஜெயமணி, மாட்டிக்கிச்சா?"

"ஆமா மாமா. பின்னாலதான் கொக்கி கீது. கொஞ்சம் இய்த்து வுட்டீங்கன்னா..."

"நீ கேக்காதமா." அவர் என்னைப் பார்த்துச் சொன்னதில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. "நீ எப்பவுமே மரியாதியாதான் பேசுவ. அவன் வரட்டும். ஒரு வார்த்த. நான் இன்னா அவன் சொத்தையா எயுதிக் கேக்கறேன்?"

"தண்ணி ஏறுது மாமா."

"பாத்துக்கினுதான் கீறேன்."

இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைய வேண்டும் போலிருந்தது. முள்வேலிக்கு இந்தப் பக்கம் ஒற்றைச் செருப்போடு நின்றேன். கீழே என் குச்சியைத் தேடினேன், அதை ஏற்கனவே தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் இப்போது வேகம் பிடித்திருந்தது, வண்டிக்குப் பத்தடிகூட இல்லை. கண்ணாடிக்குள் இவர் தலை குனிந்திருந்தது. கியர் பக்கத்துப் பள்ளத்தைப் பார்க்கிறாரோ, பிள்ளையாரைப் பார்க்கிறாரோ.

கதவு திறந்தது. இவர் இறங்கினார். சேற்றில் தகடு வைத்த காலை இழுத்து இழுத்து மேட்டை நோக்கி வந்தார். பாதி வழியில் கையிலிருந்த போன் அடித்தது, பழக்கத்தில் எடுத்துவிட்டார், ஸ்பீக்கர் இன்னும் போட்டபடியே இருந்தது. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்றது அந்தக் குரல். இல்லையென்றால் இரண்டை அழுத்தவும். இவர் எதையும் அழுத்தாமல் நடந்து வந்தார், குரல் முதலிலிருந்து மறுபடி சொன்னது. முள்வேலிக்கு முன்னால் வந்து நின்று போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. டிராக்டரின் முன்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார், உதடு பிரிந்தது.

வீரபத்திரன் மாமா கையை நீட்டி டிராக்டர் இன்ஜினை நிறுத்தி, தம்பி பக்கம் காதைச் சாய்த்தார். ஏரிக்குள் தண்ணீர் வந்து விழும் சத்தம் அதன்பிறகுதான் கேட்டது.