ஈரக் கையில் காகிதம்

சலவைக்கூடத்தில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். வாய் ஓயாத மனிதர். மேற்பார்வையாளர் ஆனபின், மருத்துவமனைக் கூட்ட அறையில் முதல்முறை பேச நின்றபோது, எழுதிக்கொண்டுபோன காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமே விட்டுப்போனது. யாரும் கவனிக்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அப்படி விட முடியாது. உலர்த்தும் எந்திரம் படுத்துவிட்டது. சலவையையே வெளியாளிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. கொடுத்தால் துணி மடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சமையலறையில் மனைவியிடம் வாசித்துக் காட்டினார். "மதிப்பிற்குரிய குழுவினர் அனைவருக்கும்..."

"ரேடியோவ அணைச்சிடலாமான்னு எனக்கே தோணுது," என்றாள், வெங்காயம் நறுக்கியபடி.

"உனக்கென்ன, சொல்லுவ. அங்க போய் நின்னா நாக்கு ஒட்டிக்குது."

"எங்கிட்ட ஷிஃப்ட் ஒப்படைச்சப்ப எந்தப் பேப்பரப் பாத்துச் சொன்னீங்க?"

அவர் காகிதத்தை மடித்தார்.

கல்யாணத்துக்கு முன்பு, பழைய சலவைக்கூடத்தில் அவர் இரவு ஷிஃப்ட், அவள் காலை ஷிஃப்ட். கூடத்தில் எல்லோர் கையும் ஈரம். காகிதம் தொட்டால் கூழாகிவிடும். அதனால் ஒவ்வோர் எந்திரத்தின் முன்னும் நின்று வாயால் சொல்லித்தான் ஒப்படைப்பார்கள். கெட்டதை முதலில் சொல்ல வேண்டும். கேட்பவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை சொன்னவர் நகரக்கூடாது. அந்த வார்த்தையில் அவள் மகா கஞ்சம். "இஸ்திரி ரோலர் சூடு சரியா இருக்கா? கைய வெச்சுப் பாத்தீங்களா, சும்மா சொல்றீங்களா?" என்று துருவுவாள். அவருடைய பஸ் போய்விடும். போகட்டும் என்றுதான் அவரும் நின்றார். நீராவி, வெளுப்புத்தூள் நெடி, காயாத அவள் தலைமுடி. இருவரும் எந்திரத்தைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. அந்தக் கூடத்தை இடித்துப் புதிது கட்டிவிட்டார்கள். ரோலரும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காகிதத்தைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டார்.

"கெட்டத முதல்ல சொல்லிடறேன். நேத்து வார்டுக்கு ஈரம் காயாத விரிப்பு போயிருக்கு. எங்க கூடத்துலேர்ந்துதான் போச்சு."

அறையில் பேனாக்கள் நின்றன. அவர் மேசையோரமாக நடந்தார். தண்ணீர் ஜாடி நின்ற இடம் துவைக்கும் எந்திரம். கணக்கரின் நாற்காலி உலர்த்தும் எந்திரம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, எது ஓடுகிறது, எது ஓடவில்லை, சரிசெய்ய என்ன வேண்டும் என்று சொன்னார். முடித்துவிட்டுக் காத்திருந்தார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது:

"வாங்கிக்கிட்டீங்களா?"

"எதை?" என்றார் கணக்கர். யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவக்க, கூடத்து வழக்கத்தை விளக்கினார்.

தலைமை மருத்துவர் சிரிக்கவில்லை. "புது மெஷின் கிடையாது. இருக்கறதப் பழுதுபாருங்க. வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம்," என்றார். பேனாவை மூடிவிட்டு, "வாங்கிக்கிட்டேன்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றார்.

"கெட்டது முதல்ல. புது மெஷின் இல்ல. வருஷக் கடைசியில மறுபடி இதே பேச்சு வரும். நல்லது, இப்போதைக்கு யாருக்கும் வேலை போகல."

அவள் நிமிரவில்லை. "பழுதுபாக்க ஆள் எப்ப வரான்?"

"திங்கக்கிழமை."

"காலையிலயா, மத்தியானமா? கேட்டீங்களா, சும்மா சொல்றீங்களா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தவறவிட இன்று பஸ் எதுவும் இல்லை.