பசப்புக்காரி

கல்யாணமான புதிதில் அவன் அவளைக் கூப்பிட்ட பெயரே அதுதான். பேருந்து ஓட்டிய அலுப்போடு வாசலில் நின்று, "எங்கே என் பசப்புக்காரி?" என்பான். அப்போது அந்தச் சொல்லில் வெல்லம் ஒட்டியிருந்தது. அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் அது பாராட்டு. "ஊசின்னா ஓடுறாரா? அவளைக் கூப்பிடுங்க, பசப்பியே போட்டுடுவா" என்பாள் மூத்த நர்ஸ். கொழுந்தனோடு அவள் சிரித்துப் பேசிய ஒருநாள், மாமியார் அதே சொல்லை எச்சில் மாதிரித் துப்பினாள். அன்று அவன் வாயே திறக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

இப்போது அவன் அவளுடைய வார்டிலேயே, சன்னலோரக் கட்டிலில் கிடந்தான். நோய் ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நாத்தனார் அவளை மாடிப்படி ஓரமாக இழுத்துப் போனாள். "அண்ணி, அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சு போயிடும். ஊரையே பசப்புற உங்களுக்கு இதென்ன பெரிய வேலையா?"

குத்தினாளா கெஞ்சினாளா என்று தெரியவில்லை. அவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னங்க, மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு?"

"சவரம் பண்ணி விட்டாங்கடி. பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது வர்றாங்களா?"

"வந்தா ரெண்டாந்தாரம்னு சொல்லிடுறேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. முதுகைத் தாங்கிப் பிடித்தாள், வெறும் எலும்பு. தலையணையை உயர்த்தினாள், போர்வையை இழுத்துவிட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வாயும் அப்படியே.

"வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யப் போறீங்க?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இனி வீடு திரும்பாதவர்களிடம் மட்டும் அவள் கேட்கிற கேள்வி அது. பிழைத்தவர்களிடம் கேட்கத் தேவையில்லை. எப்போது அனுப்புவீர்கள் என்று அவர்களே உயிரை எடுப்பார்கள். இந்த ரகசியத்தை அவள் சொல்லியிருந்தது ஒரே ஒருவரிடம். வீட்டில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவனிடம்தான் சொன்னாள். "அடிப்பாவி" என்றான் அன்று.

அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். அவள் இனி எதைச் சொன்னாலும் கேட்டுவிட்டதை உறுதிசெய்வதாகத்தான் ஆகும்.

"பின்கதவு கிறீச்சுங்குதே, அதுக்கு எண்ணெய் போடணும்" என்றான் கடைசியில். "நீயும் எத்தனை நாளா சொல்றே. அப்புறம் ஆசை தீர ஒரு குளியல்."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இதே வெளிச்சத்தை எத்தனையோ கட்டில்களில் பார்த்திருக்கிறாள். தான் ஏற்றிவைத்தது என்றே இதுவரை நம்பியிருந்தாள்.

"தங்கச்சிகிட்ட சொல்லாதே. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். தாங்கமாட்டா."

"எண்ணெய் வாங்கி வைக்கிறேன்" என்றாள்.

"வை, பசப்புக்காரி" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.