எட்டாத சங்கிலி

1

இந்தக் கதை என் தங்கையின் சிரிப்பில்தான் தொடங்கியது. தொலைபேசியில் பாதி சிரிப்பு, பாதி பேச்சு. எனக்குப் புரிந்தது கால்வாசி. மீதியைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். செய்ய வந்தவள். ஆய்வகத்துக்குள் விட்டால்தானே செய்வதற்கு?

என் முதல் தொடக்கம்: "விதி அவளது கால்களைப் பறித்த அந்தக் கொடிய..."

அனுப்பியதும் கூப்பிட்டாள். "அக்கா, கால் ரெண்டும் இங்கேதான் இருக்கு. மேசைதான் உசரமா இருக்கு. அதைப் பத்தி எழுது."

2

மேசை அவள் மோவாய்க்கு வந்தது. அடியில் முழுக்க அலமாரி. முழங்காலை நுழைக்க வழியில்லை.

ஆய்வகப் பொறுப்பாளரான பேராசிரியரை வில்லனாக்கி, அவருக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். ("அவருக்கு மீசையே கிடையாது, பயம்தான் இருக்கு." மீசையை எடுத்துவிட்டேன்.)

"நீ பக்கத்துல இருந்து சொல்லும்மா. வேற யாராவது செய்யட்டும்" என்றார் அவர்.

"அப்ப பட்டத்தையும் அவங்களுக்கே குடுத்துடுவீங்களா சார்?"

ஏற்றி இறக்கும் மேசை ஒன்று வந்தது. அவர் பயம் போகவில்லை. உடம்பில் அமிலம் தெறித்தால் ஓடிப்போய் நிற்க, மூலையில் ஓர் அவசரக் குளியல் குழாய் உண்டு. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். சங்கிலி அவள் கைக்கு எட்டாது.

"ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"சங்கிலியை நீட்டலாமே சார்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

3

அடுத்த நாள் அவரே சங்கிலி வாங்கிவந்து, முக்காலியில் ஏறி மாட்டினார்.

"எட்டுதா பாரும்மா" என்றார், இறங்கி, குழாய்க்கு நேர் கீழே நின்றுகொண்டு.

"சார், கொஞ்சம் தள்ளி..."

"அட, சும்மா இழு!"

இழுத்தாள். [இங்கே "அறையில் கனத்த மௌனம்" என்று எழுதியிருந்தேன். பொய். குழாய் இருமியது, ஏப்பம் விட்டது.] பிறகு துருநிறத் தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு அவர் தலையில் இறங்கியது. அத்துடன் நின்றது. ஒரு சொட்டு இல்லை.

தங்கை மெதுவாகக் கேட்டாள்: "சார், சங்கிலி எட்டுறவங்களுக்கும் இவ்வளவுதான் வந்திருக்குமா?"

முடிவு அ: அவர் கொதித்தெழுந்து அவளை வெளியே அனுப்புகிறார். முடிவு ஆ: மனம் திருந்தி நீண்ட உரை ஆற்றுகிறார்.

இரண்டும் நடக்கவில்லை. துரு சொட்டச் சொட்ட முக்காலியில் உட்கார்ந்து, "இத்தனை பேரை இதை நம்பி உள்ளே விட்டிருக்கேனே!" என்றார். அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை. குழாய்க்காரரைக் கூப்பிட்டபோதும் சிரிப்பு நிற்கவில்லை. எதிர்முனைக்காரர் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டாராம்.

குழாய் சரியானது. அவள் உள்ளே போனாள்.

4

இன்று அவளுடைய முதல் பரிசோதனை. குடுவையில் உள்ளது நீலமாக வேண்டும். "நீலம் படர்ந்தது. அனைவரும் எழுந்து கைதட்டி..." என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"கைதட்டலை எடு. மத்தவங்க வேலை பார்த்தா யாராவது தட்டுறாங்களா?"

"பாழாப் போச்சுன்னா என்னடி எழுதறது?"

"போகட்டும் அக்கா. நான் பாழாக்கினதா இருக்கட்டும்."

ஆகவே நிறத்தை உங்களிடம் விடுகிறேன். நீலமோ பழுப்போ, உங்கள் விருப்பம். அவளைக் கேட்க வழியில்லை. தொலைபேசியை வைத்துவிட்டாள், இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது.