கியர் வண்டியே போதும்

திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பதினோரு வருஷமாக சாராளும் ஸ்டீவனும் ஒரே பைக்கில் அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீவன் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு குடோனில் சாராள் சரக்குத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினாள். மகள் சோனியா திருவள்ளூரில் ஒன்பதாவது படித்தாள். சொந்த வீடும் பள்ளிக்கூடமும் ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம். நடுவில் அந்த ரோடு.

போன அக்டோபர் மழையில் பெரியபாளையத்தை அடுத்த ஆரணியைத் தாண்டியதும் பைக் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த சாராள் மயங்கிப் போனாளே தவிர, முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்துக்கொண்டாள். ஸ்டீவனுக்கு இடது முழங்கால் நொறுங்கி பிளேட் வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். ஆனால் அந்த முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. பைக்கை விற்றுவிட்டார்கள். பெரியபாளையத்தில் ஒரு பஸ் மாறி, புதுவாயலில் ஷேர் ஆட்டோ பிடித்து, போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் கால் நீட்ட இடம் கிடைக்காத நாட்களில் ஸ்டீவன் நின்றுகொண்டே வருவான்.

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று சொன்னது சாராள்தான். சீட்டுப் பணம் வந்திருந்தது. ஸ்டீவன் உடனே சரி என்றான்.

எந்தக் கார் என்பதில் சாராள் ஒரு தீர்மானத்தோடு இருந்தாள். ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். அதில் இடது காலால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்று போதும். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டீவன் லோடு வேன் ஓட்டியவன். நெல்லூர் வரைக்கும் தனியாகப் போய் வந்தவன். மறுபடி அவன் கையில் ஒரு ஸ்டீயரிங் வந்துவிட்டால், விபத்துக்கு முன்பிருந்த ஸ்டீவனும் திரும்பி வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். தனக்கு என்ன பிடிக்கும் என்பதை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் வேலைக்காக லைசென்ஸ் எடுத்தபோது டிரைவிங் ஸ்கூல் காரில் இருபது நாள் ஓட்டியிருந்தாள். கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, கியர் சரியாக விழும் அந்தக் கணம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் பார்த்தது திருவள்ளூரில் ஹேமாவதி என்ற பேங்க் ஊழியருடைய வெள்ளைக் கார். அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகியிருந்தது. வண்டி அப்பழுக்கில்லாமல் இருந்தது. சாராள் மணவாள நகர் வரை ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அதுவே செய்துகொண்டது. அவள் ஓட்டினாள் என்பதைவிட அது அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தது என்பதுதான் சரி. பரவாயில்லை, ஓட்டப்போவது ஸ்டீவன்தானே என்று நினைத்துக்கொண்டே இறங்கி, சாவியை ஸ்டீவனிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

ஸ்டீவன் சாவியை வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தான். நான்கு டயரையும் குனிந்து பார்த்தான். பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தான்.

"கால் வலிக்குது சாரா. இன்னொரு நாள் பாக்கலாம்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சொன்னான். "ஆட்டோமேட்டிக்ல ஏதாவது ரிப்பேர் வந்தா பேஜாரு. செலவு தாங்காது. நமக்கு கியர் வண்டியே போதும்."

"கியர் வண்டின்னா நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

"நீ ஓட்டு."

அடுத்து இரண்டு ஆட்டோமேட்டிக் பார்த்தார்கள். ஒன்று மைலேஜ் தராது என்றான். இன்னொன்றுக்கு உயரம் போதாது, மழையில் அடி தட்டும் என்றான். இரண்டு காரணமும் சரியாகத்தான் இருந்தன. அதனால் சாராளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஆனால் இரண்டு தடவையும் அவன் டிரைவர் சீட்டில் உட்காரவே இல்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மூன்று பேருமாகப் புதுவாயலுக்குப் போனார்கள். அங்கே ஹைவே ஓரத்தில் முரளி என்பவர் பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பு வண்டி. கியர் வண்டி. ஸ்டீவன் நேராக அதனிடம் போனான்.

"ஓட்டிப் பாருங்க சிஸ்டர். பாத்துட்டு சொல்லுங்க" என்றார் முரளி.

ஸ்டீவன் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டான். சோனியா பின்னால் ஏறினாள். சாராள் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஹைவேயில் ஏறி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள். வண்டி துள்ளிப் பாய்ந்தது. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அதைத் தாண்டி மீண்டும் இடது பக்கம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது.

"அம்மா, நீ சிரிச்சிக்கினே ஓட்டுறே" என்றாள் சோனியா.

சாராள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். தான் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்து நிறுத்தியதும் ஸ்டீவன் முரளியிடம், "இதையே முடிச்சிடலாம்" என்றான். முரளி பேப்பர் எடுத்துவர உள்ளே போனார்.

ஸ்டீவனின் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் அன்புசெல்வன் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய கார் வாங்கினால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவுகிறவர்கள் எல்லா இடத்தையும் கழுவிவிடுவார்கள், சுருட்டி உள்ளே இருக்கும் பெல்ட்டை மட்டும் மறந்துவிடுவார்கள் என்று. சாராள் டிரைவர் பக்கத்துப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். முக்கால்வாசி கறுப்பாகவே வந்தது. அதற்குமேல் காய்ந்த சேற்றின் நிறத்தில் ஒரு பட்டை. ஓரத்தில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது.

ஒரு நிமிஷம் அவள் அந்தப் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விட்டுவிட்டால் அது தானாகவே உள்ளே சுருண்டுகொள்ளும். ஸ்டீவன் பார்க்கவில்லை. அந்த வண்டி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு கால் மிதியைத் தூக்கினாள், அடியில் விரிப்பைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். சாக்கடை வாடை.

முரளி வந்ததும் பெல்ட்டைக் காட்டினாள். "எந்த வெள்ளத்துல நின்னுது இது?"

முரளி பேப்பரை பானட்டின் மேல் வைத்தார். "என்கிட்ட வரும்போதே அப்படித்தான் வந்துது சிஸ்டர். எஞ்சின் எல்லாம் இறக்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆவாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா யார் வாங்குறாங்க, சொல்லுங்க" என்றார் அவர். அதில் வெட்கமும் இருந்தது.

அப்போதுதான் ஸ்டீவன் அதைச் சொன்னான். "எஞ்சின் நல்லாத்தானே ஓடுது. வாங்கிடலாம் சாரா."

சாராள் அவனைப் பார்த்தாள். ஒரு மிக்சி வாங்கினால்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவன். ஆயில் குச்சியை இரண்டு தடவை துடைத்துப் பார்க்கிறவன். தண்ணீரில் முழுகிய வண்டியை வாங்கலாம் என்கிறான்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். சோனியா எதிரில் இருந்த கடைக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். சாராள் டீயைத் தொடாமல் கேட்டாள்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? தண்ணியில நின்ன வண்டின்னு தெரிஞ்சும் வேணும்னு நிக்கிறீங்க. நல்லா இருந்த வண்டிய மூணு தடவை வேணாம்னீங்க."

ஸ்டீவன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "அது கியர் வண்டி" என்றான்.

"அதனால?"

"ஆட்டோமேட்டிக் வாங்கினா நீ என்னை ஓட்டச் சொல்லுவே. வலது கால் நல்லாத்தான் இருக்குது. அப்புறம் சாக்கு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல என்கிட்ட."

சாராளுக்குப் புரிய ஆரம்பித்தது.

"அன்னிக்கு நீ மயங்கிட்டே. உனக்குத் தெரியாது. எதிர்ல வந்த லாரி பிரேக் போட்டு நின்னுச்சு. அதோட டயருக்கும் உன் தலைக்கும் நடுவுல இவ்ளோதான் இடம்." அவன் பெஞ்சின் மேல் கையை விரித்து வைத்தான். ஒரு சாண். "நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். கால் உடைஞ்சு கிடக்கேன், உன்னை இழுக்கக்கூட முடியல. ஹேமாவதி மேடம் ஊட்டாண்ட நீ சாவி நீட்டினியே, வாங்க எனக்குக் கையே வரல. அதான் டயரைப் பாத்துக்கினு குனிஞ்சிருந்தேன்."

அவனுடைய விரித்த கையைப் பார்த்தபடி சாராள் உட்கார்ந்திருந்தாள். தனக்கு நடந்ததில் ஒரு பாதியை அவள் இத்தனை மாதம் அறியாமலே இருந்திருக்கிறாள். அந்தப் பாதியை அவன் ஒருவனே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்று வந்திருக்கிறான்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் முட்டிக்குத்தானே டாக்டர்."

"இதுக்கும் டாக்டர் இருக்காங்க. போலாம்." பிறகு மெதுவாக, "நான்தான் உங்களைப் போட்டு அவசரப்படுத்திட்டேன். நீங்க ஓட்டலைன்னா ஒண்ணுமில்ல. நான் ஓட்டுறேன்" என்றாள்.

"உனக்குக் கஷ்டம். பகலெல்லாம் நூறு பேலட் சரக்கு தூக்கி வச்சிட்டு, அப்புறம் ஊடு வரைக்கும் ஓட்டணும்."

சாராள் தலையை ஆட்டினாள். "கஷ்டமில்ல. எனக்கு ஓட்டப் பிடிக்கும். கியர் வண்டிதான் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் உங்களுக்காகத் தேடுனது."

ஸ்டீவன் நிமிர்ந்து பார்த்தான். "முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க சொன்னீங்களா?"

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. சோனியா ஐஸ்கிரீமோடு வந்தபோது இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தேடுவது சுலபமாகிவிட்டது. கியர் வண்டி வேண்டும். ஸ்டீவன் காலை முழுவதும் நீட்டினாலும் பின்னால் சோனியாவுக்கு இடம் வேண்டும். ஓட்டுகிறவளுக்குப் பிடிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து கவரைப்பேட்டை ஸ்டேஷன் அருகே தேசப்பன் என்பவர் வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. உயரமான கூரை வைத்த சின்ன வண்டி. பழுப்பு நிறம். அழகென்று சொல்ல முடியாது. தேசப்பன் சர்வீஸ் புத்தகத்தைத் தானே எடுத்து வந்து, இடது கதவில் விழுந்திருந்த கீறலையும் கேட்காமலே காட்டினார். அந்த வாரம் அன்புசெல்வன் கூடவே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சாராள் நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்தாள். நான்கும் கறுப்பு.

அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், "எப்படி?" என்று கேட்டான் ஸ்டீவன்.

"அந்த சிவப்பு வண்டி மாதிரி பாயாது. ஆனா சொன்னா கேக்குது. மூணாவதுல நல்லா இழுக்குது."

"பிடிச்சிருக்குதா, அதைச் சொல்லு."

"பிடிச்சிருக்குது" என்றாள்.

இப்போது வீட்டிலிருந்து சிப்காட்டுக்கு ஒன்றரை மணி நேரம். காலையில் ஸ்டீவன் டப்பாவைத் திறந்து நாஷ்டாவை ஊட்டாத குறையாக அவளுக்கு நீட்டிக்கொண்டு வருவான். முதல் இரண்டு வாரம் எதிரில் லாரி வந்தால் அவன் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொள்ளும். அவள் வேகத்தைக் குறைப்பாள். திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் மாதம் இரண்டு தடவை ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறான். என்ன பேசினான் என்று அவள் கேட்பதில்லை. சில நாள் அவனாகவே சொல்வான். அவன் இன்னும் ஓட்டவில்லை. ஓட்டுவானா என்பதும் தெரியாது. வண்டி வாங்கிய காரணம் அதுவாக இல்லாததால், அந்தக் கேள்வி வீட்டில் யாரையும் உறுத்தவில்லை.

போன சனிக்கிழமை அரை நாள் வேலை. வேலை முடிந்து திரும்பி வருகையில், கவரைப்பேட்டையைத் தாண்டும்போது ஸ்டீவன், "பொன்னேரி பக்கம் திருப்பேன்" என்றான்.

"அங்க இன்னா வேலை?"

"வேலை ஒண்ணுமில்ல. பழவேற்காடு வரைக்கும் போய்ட்டு வரலாம். ரோடு காலியா இருக்கும், நீ நல்லா ஓட்டலாம்."

சாராள் வண்டியை ஓரம் கட்டி சோனியாவுக்கு போன் செய்து, பழவேற்காடு போகிறோம், வர நேரமாகும், அத்தை வீட்டில் சாப்பிட்டுவிடு என்றாள். வரும்போது இறால் வாங்கி வரச் சொல்லிவிட்டு சோனியா வைத்துவிட்டாள்.

பொன்னேரியைத் தாண்டியதும் ரோடு நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வயல்கள் குறைந்து, உப்புக் காற்று உள்ளே வந்தது. ஸ்டீவன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான். சாராள் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றினாள்.