மாப்பிள்ளைக்கு எழுதிய மூன்று பக்கம்

மார்ச்சுத் திங்கள் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. வானம் மப்பும் மந்தாரமுமாய் இருந்தது. காலை முதல் தூறல் விட்டபாடில்லை.

பல நாடுகளில் கிளை பரப்பிய அந்நிறுவனத்தின் ஏழாம் தளத்தில் அவளை எல்லோரும் 'வாத்தியாரம்மா' என்றே அழைத்தனர். ஊழியர் தத்தம் சாதனைகளைத் தாமே எழுதித் தரவேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவம் ஆண்டுதோறும் வந்துவிட்டால், பாதிப் பேர் அவள் மேசையைத்தான் மொய்ப்பார்கள். பிறர் பெருமையை எழுத அவள் கை தயங்கியதே இல்லை. தன் பெருமை என்றால் மட்டும் கூசும்.

இம்முறை கடல் கடந்த கிளையொன்றில் மேலாளர் பதவி காலியாயிற்று. அவளுடைய கணவரும் எட்டு வயது மகளும் வாழும் ஊர் அது. நான்கு ஆண்டுகளாக அவள் காத்திருந்தது இந்த ஒன்றுக்காகத்தான். "இந்த வருஷமும் இல்லைன்னா இனிமே என்னால முடியாது" என்று கணவர் சொல்லியிருந்தார். தகுதியுள்ளோர் அனைவரின் படிவங்களையும் படித்துத் தலைமையகம் முடிவு செய்யும். பணிமூப்பில் முதலில் நிற்பவள் தானே என்பதால் அவள் கவலைப்படவில்லை.

சென்ற மாதம், படிவம் தரவேண்டிய கடைசி நாளன்று, பக்கத்து இருக்கைக்காரன் வந்து நின்றான். நாள்தோறும் விறைப்பாய்த் தேய்த்த சட்டையில் வருவதால் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

"அக்கா, என்னைப் பத்தி எழுத உக்காந்தா எனக்கே கொட்டாவி வருது. நீங்க கொஞ்சம் கை வைங்களேன்."

"பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டை மட்டும் போட்டுக்கத் தெரியுது! சரி, குடு."

சென்ற ஆண்டு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் கணினிகள் முடங்கிய மூன்று நாளும் இருவருமாகத்தான் சரக்கை நகர்த்தியிருந்தனர். தன் பங்கையும் சொன்னால் தம்பட்டமாகிவிடும் என்றெண்ணி, அவன் தனித்தே செய்ததாக மூன்று பக்கம் எழுதினாள். எஞ்சிய கால்மணி நேரத்தில் தன் படிவத்தில் நான்கு வரி எழுதி அனுப்பினாள்.

இன்று துறைத்தலைவர் அவளை அறைக்கு அழைத்தார்.

"மாப்பிள்ளையைத்தான் எடுத்திருக்காங்கம்மா. உங்க படிவத்துல நாலே வரி. நான் எதை வச்சு வாதாடறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கிடங்கு வேலைல நீங்களும் இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லுங்க, தலைமையகத்துக்கு மறுபடி எழுதறேன்."

சொன்னால் அவன் பொய்யன் ஆவான். பதவியோடு வேலையும் போகும். பொய்யோ அவளுடையது.

"பக்கத்துல இருந்தேன் சார். அவ்வளவுதான்."

வெளியே மாப்பிள்ளை கண்கலங்கி நின்றிருந்தான். "சத்தியமா இது உங்களுக்குன்னுதான் நெனச்சேன்க்கா."

"நல்லா இருடா. அங்க போய் யாரை எழுதச் சொல்லுவ?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அறுந்தது.

படிக்கட்டில் நின்று கணவரை அழைத்தாள்.

"கெடைக்கலைங்க. வேலைய விட்டுட்டு வந்துடறேன்."



"இதை நாலு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா ஏர்போர்ட்லயே படுத்துக் கெடந்திருப்பேன்மா. இப்ப வேணாம்."

"பாப்பா?"

"உன்னைக் கேக்கறத நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு."

அவர் இணைப்பைத் துண்டித்தார். "சரிங்க" என்று அவள் சொன்னதைக் கேட்க மறுமுனையில் எவருமில்லை. அப்பொழுது பிற்பகல் மணி நான்கு பதினேழு.