அல்ஷி விழுந்த எலும்பு

குல்யாஷின் சம்மதத்துக்கு விலை ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் என்று முன்பே தெரிந்திருந்தால், ஒராஸ்பாய் எண்ணூறுக்குக் கேட்டிருப்பான். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்டிருப்பான். ஷிம்கெந்த் சந்தையில் உலர்ந்த திராட்சையும் வாதுமையும் விற்றுப் பழகியவனுக்கு, சொன்ன விலைக்குப் பொருள் வாங்குவது சட்டை இல்லாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

குல்யாஷ் நூலகப் பொறுப்பாளர். கணவனை இழந்தவள். ஒராஸ்பாய்க்கும் மனைவி போய் ஏழு வருஷம். மகள் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், "நீங்க நாவல் படிப்பீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நாவல்னா எனக்கு உயிரு" என்றான். அவன் கடைசியாக முழுசாகப் படித்தது தராசோடு வந்த விளக்கக் குறிப்பு.

அதன் பிறகு வாரம் தவறாமல் போனான். மூன்றாவது மாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்யாண விஷயத்தைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை.

"எங்க வாசகர் கூட்டத்துல சேருங்க. ஒரு பழைய நாவலை முழுசாப் படிங்க. முடிவு என்னன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டு, அப்புறம் கேளுங்க."

சொல்லிவிட்டு அவன் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் கிண்ணத்தை நிறைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் இரு, இன்னும் பேசலாம் என்று அர்த்தம். ஒராஸ்பாய் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அந்த வாசகர் கூட்டத்தில் எதைப் படிப்பது என்று பேச ஆரம்பித்தால் அடிதடியில் போய் முடியும். அதனால் குல்யாஷ் ஒரு வழி செய்திருந்தாள். ஆளுக்கொரு ஆட்டுக் கணுக்கால் எலும்பு கொண்டுவர வேண்டும், சின்ன வயசில் எல்லாரும் வைத்து விளையாடிய அதே எலும்பு. அதற்கு நாலு பக்கம், பக்கத்துக்கொரு நாவல். எது மேலே வருகிறதோ அதைப் படித்தே ஆக வேண்டும், வசந்தப் பண்டிகைக்குள்.

"நாலு என்னென்ன புக்கு?" என்று பக்கத்துக் கடைத் தொப்பி வியாபாரி தொலெகெனிடம் விசாரித்தான் ஒராஸ்பாய். தொலெகென் பழைய உறுப்பினன்.

"ஒண்ணு காணாமப்போன குதிரையைப் பத்தி, எம்பது பக்கம். ஏரிக் கதை ஒண்ணு, வழக்குக் கதை ஒண்ணு, ரெண்டும் நடுத்தரம். நாலாவது 'கோட்டை'. அதை நீ படிக்க வேணாம், தராசுல வை, ரெண்டு கிலோக் கல்லு மிச்சம்."

"எந்தப் பக்கத்துக்கு எது?"

"எறிஞ்ச பிறகுதான் சொல்லுவா. முன்னாடியே சொன்னா உங்களை மாதிரி ஆளுங்க எலும்புகிட்டயே பேரம் பேசுவீங்கன்னு நம்ம மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா."

ஒராஸ்பாய் யோசித்தான். எலும்பின் நாலு பக்கத்தில் அல்ஷிதான் ராஜா. லேசில் விழாது, விழுந்தால் ஆட்டமே கைக்கு வந்த மாதிரி. ஒருவனுக்கு யோகம் அடித்தால், 'அவன் எலும்பு அல்ஷி விழுந்துடுச்சு' என்றுதானே ஊரே சொல்கிறது? அப்படியானால் அல்ஷிக்கு எந்தப் புத்தகத்தை வைத்திருப்பாள்? இருப்பதிலேயே லாபமானதை. லாபமானது எது? எண்பது பக்கம். இதற்கு நூலகத்தில் போய் உட்கார வேண்டியதில்லை, சந்தைக் கணக்கே போதும்.

"டேய் தொலெகென், நீ சின்ன வயசுல எப்பவும் அல்ஷியே விழற மாதிரி எலும்புக்குள்ள ஈயம் ஊத்துவியே..."

"டேய் ஒராஸ், பொம்பளையைக் கட்டிக்கப் போறியா, ஏமாத்தப் போறியா?"

"மொதல்ல கட்டிக்கிறேன்டா."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. பல் டாக்டர் எறிந்தார். எலும்பு குப்புற விழுந்தது. "ஏரி" என்றாள் குல்யாஷ். தொலெகென் சும்மா ஒரு எலும்பைக் கொண்டுவந்து கொட்டாவி விட்டபடி எறிந்தான், மல்லாந்து விழுந்தது. "குதிரை."

எண்பது பக்கம் அல்ஷிக்கு இல்லை என்று ஒராஸ்பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கை எலும்பை விட்டுவிட்டது. அது ஒரே ஒரு உருளல் உருண்டு, கம்பளத்தில் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"அல்ஷி!" கூட்டமே கைதட்டியது. "கொடுத்துவச்ச ஆளுய்யா!" என்றார் பல் டாக்டர்.

குல்யாஷ் உள்ளே போய், குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். கோட்டை.

"இது... அல்ஷிக்கா?" என்றான் ஒராஸ்பாய்.

"பின்னே? இருக்கறதுலேயே நல்ல பக்கத்துக்கு, இருக்கறதுலேயே நல்ல புத்தகம். யோகக்காரனுக்கு எம்பது பக்கத்தைக் கொடுத்து அவமானப்படுத்துவாங்களா?"

"கை வழுக்கிடுச்சுங்க. இன்னொரு தடவை எறியலாமா?"

"தாராளமா."

அல்ஷி. இன்னொரு தடவை என்றான். காலைத் தூக்கித் தும்முவதுபோல நடித்து, கோணலாகச் சுண்டிப் பார்த்தான். எலும்பு சுவரில் மோதி, மேசைக்கடியில் போய், அங்கேயும் நிமிர்ந்து நின்றது. தொலெகென் வாயில் தொப்பியைத் திணித்துக்கொண்டு குலுங்கினான். அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

குல்யாஷ் எலும்பை எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். ஒரு கணம் அவனையும் பார்த்தாள்.

"ஒராஸ்பாய், இந்தப் புத்தகத்து மேல உங்களுக்கு இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

ஈயம் என்று ஒத்துக்கொண்டால் அவள் போய்விடுவாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோட்டை வந்துவிடும். எலும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கோட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

முதல் நூறு பக்கம் அவனுக்குப் பல் பிடுங்குகிற வேலை. ஒவ்வொருத்தனுக்கும் மூன்று பெயர், அத்தனை பேருக்கும் ஒரே மாமனார். இருநூறில் அந்த மாமனார் கோட்டைச் சாவியைத் தொலைத்தார். முந்நூறுக்கு மேல் திராட்சை வாங்க வந்தவர்களிடம் ஒராஸ்பாய், "கொஞ்சம் பொறுங்கம்மா, இங்க விஷம் வைக்கப் போறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். ஒருத்தி நிஜமாகவே ஓடிவிட்டாள்.

பண்டிகையன்று புதுச் சட்டை போட்டு, கோட்டையையும் எலும்பையும் எடுத்துக்கொண்டு நூலகம் போனான்.

"முடிவு என்ன?" என்றாள் குல்யாஷ்.

"தெரியாது. முடிக்கல." எலும்பை மேசையில் வைத்தான். "இதுல ஈயம் இருக்கு."

"தெரியும். எங்கப்பாவும் சந்தையில கடை வச்சிருந்தவர்தான்." அவள் எலும்பை நகர்த்தி வைத்தாள். "வேகவேகமாப் புரட்டி முடிச்சிருக்கலாமே. இல்ல, தொலெகெனைக் கேட்டிருந்தா முடிவைச் சொல்லியிருப்பானே?"

"சொல்ல வந்தான். காதைப் பொத்திக்கிட்டேன். கதையில அந்த விதவையும் சாவி செய்யறவனும் இப்பதான் ஒரு வார்த்தை பேசியிருக்காங்க. நடுவுல எவனாவது குறுக்க வந்தா எனக்கு ஆகாது." கொஞ்சம் தயங்கினான். "பதிலை மட்டும் முன்கூட்டியே கொடுத்தீங்கன்னா..."

"முழுசாப் படிச்சாத்தான் பதில்."

"அம்பது பக்கமாவது தள்ளுங்களேன்."

"ஒரு பக்கம் தள்ளமாட்டேன்."

குல்யாஷ் தேநீர்க் கெண்டியை எடுத்தாள். ஒராஸ்பாய் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேநீர் பாதிக்கு வந்ததும் கெண்டி நிமிர்ந்துவிட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அடையாளம் வைத்த இடத்தைத் திறந்தான். படித்தது தொள்ளாயிரத்து மூன்று. வரவு, அரைக் கிண்ணம் தேநீர். பாக்கி, இருநூற்று முப்பத்தேழு பக்கமும் ஒரு பதிலும்.