இடக்கை தம்பியுடையது

யெச்சோன் ஊரில் மேங் சகோதரர்கள் செய்யும் வில்லுக்கு முப்பது வருஷமாக ஒரே சட்டம்தான். வில்லின் வலப்பாதியான வலக்கை அண்ணன் தேபோவுடையது, இடப்பாதியான இடக்கை தம்பி தேசூவுடையது. ஒரே எருமையின் இரண்டு கொம்புகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். அதைத் தகடாக அறுத்து மூங்கிலின் ஒரு பக்கம் ஒட்டுவார்கள். மறுபக்கத்தில் மாட்டின் முதுகுத் தசைநாரைச் சீப்பால் வாரி, மீன்பசையில் தோய்த்து, மூன்று தடவை பூசுவார்கள். அவரவர் கை அவரவர் பாடு. நடுவிலிருக்கும் பிடியைத் தாண்டி ஒருவர் அரம் மற்றவர் பக்கம் போனால் அன்றைக்கு யெச்சோனில் பூகம்பம்.

பூகம்பம் எப்படியும் வரும். முதல்முறை நாண் ஏற்றும்போது இரண்டு கைகளும் ஒன்றுபோல வளைய வேண்டும். ஒரு கை முறுக்கிக்கொண்டு நின்றால் அதைத்தான் அரத்தால் சீவி வழிக்குக் கொண்டுவரலாம். தளர்ந்த கையில் கொம்பை ஒட்டிச் சேர்க்க முடியாது.

"உன் கை முரட்டுக் கைடா. சீவு."

"என்னுதை ஏன் சீவணும்? உன் கைதான் கஞ்சிக் கை, அண்ணே. நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சுட்டுத்தானே இழைச்சே?"

இந்தச் சண்டையின் சத்தத்தில் சீமைப் பனிச்சை மரத்தில் காய்கள் பழுக்காமலே உதிரும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நாய்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும். ஆனால் பசை உலர்த்தும் சூட்டறையில் ராத்திரி வில்லை வைத்து, மறுநாள் காலையில் நாண் ஏற்றினால் இரண்டு கைகளும் சாதுவாக, சமமாக வளையும். "சூட்டறையில ஒரு ராத்திரி கிடந்தா எந்தத் திமிரும் இறங்கிடும், பாத்தியா?" என்று தேபோ மீசையைத் தடவிக்கொள்வார். தேசூ வாய் திறக்க மாட்டான். முப்பது வருஷமும் தேபோதான் ஜெயித்தார்.

அந்த மாசியில் தேசூ உறைந்த ஓடையில் வழுக்கி விழுந்து, நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இரண்டு கைகளும் இழைத்து முடித்து, நாண் ஏற்றாத ஒரு வில் சூட்டறையில் கிடந்தது.

அது ஓக் சிகுன் என்பவனுக்கான வில். தலைநகரத்தில் நடக்கும் படைத்தேர்வில் இரண்டு தடவை தோற்றவன் அவன். இரண்டு தடவையும் வில் அவன் பலம் தாங்காமல் முறிந்துவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தோற்றால் மாமனார் வீட்டில் பன்றி மேய்க்க வேண்டும் என்று எழுதியே வாங்கிவிட்டார்கள்.

"இன்னும் அஞ்சு நாள்ல நான் கிளம்பணும், ஐயா. மழை தொடங்கிட்டா பசை இளகிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வரும்டா. உன் வில்லு வரும். போய் கல்லைத் தூக்கிப் பழகு."

தேபோ நாண் ஏற்ற உட்கார்ந்தார். வளையலைப் போல முன்பக்கம் சுருண்டிருந்த வில்லைக் கணப்பில் காட்டி, தொடையில் அழுத்தி, பின்பக்கமாக விரித்து வளைத்தார். வலக்கை மளமளவென்று வளைந்தது. இடக்கை வளையவில்லை. ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு சட்டென்று புரண்டு அவர் கன்னத்தில் அறைந்தது. ஐந்து விரலும் பதிந்தன என்று அவர் பிற்பாடு சத்தியம் செய்தார். வில்லுக்கு ஏது விரல் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கன்னத்தில் ஐந்து கோடுகள் இருந்தன.

இரண்டாம் நாளும் அறை விழுந்தது. மூன்றாம் நாள் அவர் ஒரு குயுக்தி செய்தார். இடக்கையை மட்டும் கணப்பில் கூடுதல் நேரம் காட்டினார். பசை இளகி அதுவும் வளைந்து கொடுத்தது. நாண் ஏறியது. "எப்படி?" என்று காலியாக இருந்த தம்பியின் மணையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வில்லைச் சூட்டறைக்குள் வைத்து மூடினார்.

மதியம், வில் ஆறிய பிறகு, சூட்டறைக்குள் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. தேசூ வாக்குவாதம் தொடங்குமுன் செருமுகிற அதே செருமல். தேபோவின் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. அடுத்த நொடி டமார்! வில் உள்ளேயே புரண்டு, நாணை உதறி, கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே விழுந்தது. கதவு முற்றத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஊறுகாய் ஜாடியில் போய் நின்றது. அந்த ஜாடியை இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

பார்லிச் சோறும் கிம்ச்சியும் கொண்டுவந்த தேசூவின் மனைவி புங்கியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். துக்கத்தின் சணல் உடை இன்னும் கசங்காமல் இருந்தது. வில்லையும் மூத்தார் தேபோவின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க அவர் கையைச் சீவவே இல்லையா, மூத்தாரே?"

"எப்படிம்மா சீவுவேன்? அவன் கடைசியா தொட்டது. அதுவும் இல்லாம, நான் ஏன் சீவணும்? ஒரு ராத்திரி சூட்டுல கிடந்தா தானா இறங்கும். எப்பவும் இறங்கியிருக்கு."

புங்கியம்மா தட்டைக் கீழே வைத்தாள். "தானா எங்க இறங்குச்சு? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி, தன் கையைத் தானே சீவிட்டு வந்து படுப்பாரு. சட்டைக் கையெல்லாம் கொம்புத் தூளா இருக்கும். படுக்கையெல்லாம் கொம்பைச் சீவினா வர்ற அந்தத் தீஞ்ச நாத்தம். முப்பது வருஷம் அதுலதான் தூங்கினேன்."

தேபோ கீழே கிடந்த வில்லை எடுத்தார்.

"அப்போ... யார் கை சரி?"

"அதை என் வாயால சொல்ல வைக்காதீங்க, மூத்தாரே. அண்ணன் தாழ்ந்துடக் கூடாதும்பாரு."

அவள் போன பிறகு தேபோ வெகுநேரம் தம் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லின் கையையும் பார்த்தார், சொந்தக் கையையும் பார்த்தார். பிறகு காலி மணைக்கு எதிரே மண்டியிட்டார்.

"டேய் தேசூ. கேட்டுக்க. உன் கைதான் சரி. என்னுதுதான் கஞ்சிக் கை. பையன் கிளம்பணும், வேற வழியில்ல. காலைல உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நானே சீவறேன். இந்தத் தடவை நான்தான் தோத்தேன். புரிஞ்சுதா?"

வில்லைப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

காலையில் பூட்டைத் திறந்தவுடன் அந்தத் தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. வில் மணையின்மேல் இருந்தது. தம்பி உட்காரும் இடத்தைச் சுற்றி, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்த வடிவத்தை மட்டும் விட்டுவிட்டு, கறுப்பாகக் கொம்புத் தூள் சிதறிக் கிடந்தது. நாண் ஏற்றினார். இரண்டு கைகளும் சாதுவாக, சமமாக வளைந்தன. அறை விழவில்லை.

தேபோ ஓடிப்போய் புங்கியம்மாவின் சட்டைக் கைகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

"என்னை ஏன் பாக்கறீங்க? சாவி உங்க இடுப்புல இருக்கு." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. மெதுவாகப் பட்டறை வாசல்வரை வந்து, வாடையை முகர்ந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிகுன் வந்தான். வில்லைக் காதுவரை இழுத்தான். ஒரு முனகல் இல்லை. "தேன் மாதிரி வருதுய்யா!" என்று குதித்தான். அன்றே கிளம்பினான். அந்தத் தேர்வில் அவன் விட்ட அம்புகள் இலக்கில் குத்திய சத்தம் யெச்சோன்வரை கேட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டதோ இல்லையோ, பன்றி மேய்க்கும் வேலை அவனுக்கு வரவில்லை.

அவன் போன பின்பு தேபோ பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்திய கத்தலுக்கு மறுபடியும் நாய்கள் ஆற்றைக் கடந்து வந்தன.

"செத்தும் விட்டுக் கொடுக்கறியாடா? நான் தோத்தேன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

பதிலுக்கு ஒரு செருமல்கூட இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் புதுக் கொம்பு ஜோடி வந்தது. இரண்டு கைகளையும் தேபோவே இழைத்தார். வலக்கையை வேண்டுமென்றே தடிப்பாக விட்டு, பாறை போல முறுக்கி நிற்க வைத்தார். இடக்கையைப் பக்குவமாக, சரியாக, தேசூ இழைத்த மாதிரியே இழைத்தார். நாண் ஏற்றும் நாளுக்கு முந்தின மாலை புங்கியம்மாவிடம் வந்தார்.

"நாளைக்குக் கோழி கூவறதுக்கு முன்னாடி எழுப்பி விடும்மா. என் கையை நான் சீவணும்."

"கோழிக்கு முன்னாடியா? அது பத்தாது, மூத்தாரே. அவர் அதுக்கும் முன்னாடி எந்திரிப்பாரு."

தேபோ வீட்டுக்குள் போய்ப் பாயைச் சுருட்டி எடுத்துவந்து, பட்டறைக் கதவுக்குக் குறுக்கே விரித்து, அரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.